புற்றுநோய் ரிப்போர்ட்டில் உள்ள புரதங்கள் ஆயுளைச் சொல்லுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வீட்டில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால், சில நாளில் இரண்டு ரிப்போர்ட்கள் கைக்கு வரும். முதலாவது பயாப்சி ரிப்போர்ட். என்ன நோய் என்பது அதில் இருக்கும். டாக்டர் சொன்னதும் புரிந்துவிடும். இரண்டாவது ஐஎச்சி ரிப்போர்ட். இஆர், பிஆர், ஹெர்-2, கேஐ-67 என்று நான்கு வரிகள், பக்கத்தில் சதவீதமும் பிளஸ் குறியும். அதைப் படம் எடுத்து, நர்சிங் படித்த அக்காவுக்கோ ஓசூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மாமாவுக்கோ அனுப்புவார்கள். கூடவே ஒரு கேள்வியும் போகும்: “இதப் பாத்து சொல்லுங்க மாமா, அம்மா எத்தன வருசம் இருப்பாங்க?”

கேட்பதில் தவறே இல்லை. அந்த நான்கு வரிகளும் புரதங்களைப் பற்றியவை. புற்று செல்கள் எந்தப் புரதத்தை எவ்வளவு செய்கின்றன என்று பார்த்து, நோய் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க மருத்துவம் நெடுங்காலமாக முயல்கிறது. நிறையக் கற்றும் இருக்கிறது. கற்றதிலேயே முக்கியமானது இது: ஒரு புரதம் அடுத்து எந்த மருந்து என்ற முடிவை மாற்றினால்தான் அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தம். ஆயுளை மட்டும் சொல்லிவிட்டு நிற்கும் எண், பெரும்பாலும் குடும்பத்துக்குப் பயத்தைத் தவிர வேறு எதையும் தருவதில்லை.

புரதங்களை இரண்டு இடங்களில் தேடுகிறார்கள். ரத்தம், சிறுநீர் போன்ற திரவங்கள் ஒன்று. கட்டியிலிருந்து எடுத்த சதை இன்னொன்று. இதில் மூத்தது முதல் வழி. 1840களின் கடைசியில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், எலும்புகள் உருக்குலைந்துபோன ஒரு நோயாளியின் சிறுநீரில் விநோதமான ஒரு புரதத்தைக் கண்டார். இன்று நாம் மைலோமா என்று சொல்லும் எலும்பு மஜ்ஜைப் புற்றின் அடையாளம் அது. 1965-ல் மாண்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் சிஇஏ என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் குடல் புற்றுக்கு ஆபரேஷன் செய்தவர்களைக் கண்காணிக்க அதைத்தான் பார்க்கிறார்கள். சதையில் தேடும் வழி வேறு. மெழுகில் பதித்த சதையை மிக மெல்லிய சீவலாக வெட்டி, குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்புப் புரதத்தை ஊற்றி, ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவார்கள். எத்தனை செல் பழுப்பானது, எவ்வளவு அழுத்தமான பழுப்பு என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பேத்தாலஜிஸ்ட் மதிப்பிடுவார். ஐஎச்சி என்பது இதுதான்.

ஹெர்-2 பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1987-ல் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய குழுவும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதக் கட்டிகளில் ஹெர்-2 மரபணு பல நகல்களாகப் பெருகிக் கிடந்தது. அப்படிப் பெருகிய பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. மரபணு பெருகினால் செல்லின் மேற்பரப்பில் அந்தப் புரதமும் குவியும். வளரச் சொல்லியும் பிரியச் சொல்லியும் செல்லுக்குள் உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஆண்டில் ஒரு பெண்ணிடம் ‘உங்களுக்கு ஹெர்-2 அதிகம்’ என்று சொல்லியிருந்தால் அது வெறும் கெட்ட சேதி. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவதைத் தவிர அவர் செய்யக்கூடியது எதுவும் இருந்திருக்காது.

1998-ல் அமெரிக்கா டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. அதே ஹெர்-2 புரதத்தில் போய் ஒட்டி அதன் வேலையை மறிக்கும் மருந்து அது. நோய் பரவிய பெண்களுக்குக் கீமோவுடன் இதைச் சேர்த்தபோது மீடியன் ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 20.3 மாதத்திலிருந்து 25.1 மாதமானது. 2005-ல் வந்த முடிவுகள் இன்னும் பெரியவை. நோய் பரவும் முன்பே, ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்தால் திரும்பி வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஹெர்-2 பாசிட்டிவ் என்ற அதே வரி, மருந்து கிடைப்பவருக்கு நம்பிக்கை தரும் வரியாக மாறியது. 2014-ல் பெங்களூர் பயோகான் நிறுவனம் இந்த மருந்தின் உயிரி ஒப்பு வடிவத்தை (பயோசிமிலர், அதாவது கிட்டத்தட்ட அதே மருந்து) இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை அதன்பின் இறங்கியது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊரில் உருவாகும் மருந்து அது.

நோயைப் பற்றித் துப்புக் கொடுக்கும் இப்படிப்பட்ட புரதத்தைக் குறிப்பான், மார்க்கர் என்பார்கள். ஆயுளைப் பற்றி மட்டும் பேசும் குறிப்பான் ஒரு வகை. இந்த மருந்து இவருக்குப் பலிக்குமா என்று சொல்லும் குறிப்பான் வேறு வகை. ஹெர்-2 முதல் வகையில் பிறந்து இரண்டாவது வகைக்குப் போய்ச் சேர்ந்தது. சில புரதங்கள் இரண்டு வேலையையும் செய்யும். பெருங்குடல் புற்றில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்று டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் நான்கு புரதங்களைத் தேடுவார்கள். இங்கே இருப்பதைவிட இல்லாததுதான் சேதி. இவற்றில் ஒன்று காணாமல் போயிருந்தால், இரண்டாம் ஸ்டேஜில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. அவர்களுக்கு 5-எஃப்யூ என்ற கீமோவை மட்டும் தனியாகக் கொடுப்பதில் பலனும் தெரியவில்லை. நோய் பரவிய நிலையிலோ, அதே ஆட்களுக்குத்தான் இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து, நன்றாக வேலை செய்கிறது.

ஹெர்-2 மதிப்பெண்ணில் பல குடும்பங்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மதிப்பெண் 0, 1 பிளஸ், 2 பிளஸ், 3 பிளஸ் என்று நான்கு நிலை. 3 பிளஸ் பாசிட்டிவ். 0, 1 பிளஸ் இரண்டும் வழக்கமாக நெகட்டிவ். 2 பிளஸ் என்றால் ‘பாதி பாசிட்டிவ்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது முடிவு சொல்லப்படாத நிலை. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனையில் மரபணுவை நேரடியாக எண்ணிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அந்த இரண்டாவது பரிசோதனைக்குக் கூடுதல் செலவும் பயணமும் ஆகும் என்பதால் அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அங்கே நிற்கக் கூடாது. டிராஸ்டுசுமாப் பலிக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு அது கிடைக்காமலே போவது அந்த இடத்தில்தான்.

2022-ல் இந்த வரிக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்தது. நோய் பரவியவர்களில் 1 பிளஸ் உள்ளவர்களுக்கும், 2 பிளஸ் வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களுக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து ஆயுளைக் கூட்டியது: மீடியன் 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதம். நேற்றுவரை நெகட்டிவ் என்று ஓரமாக வைத்த ரிப்போர்ட்கள் மறுபடி படிக்கப்பட்டன. விலை இன்னும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரைப்பைப் புற்று தமிழ்நாட்டு ஆண்களிடம் அடிக்கடி பார்க்கப்படும் ஒன்று. அதிலும் ஒரு பகுதியினருக்கு ஹெர்-2 அதிகமாக இருக்கும். 2010-ல் வெளியான சோதனையில் அவர்களுக்கு டிராஸ்டுசுமாப் சேர்த்ததில் 11.1 மாதம் 13.8 ஆனது. அதனால் நோய் பரவிய இரைப்பைப் புற்றிலும் இந்தப் பரிசோதனையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்து இஆர், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம். நம் மாவட்டங்களைப் பொறுத்தவரை, என் பார்வையில், மொத்த ரிப்போர்ட்டிலும் மதிப்பு மிகுந்த வரி இதுதான். புற்று செல்களின் உட்கருக்களில் 1 சதவீதமாவது சாயம் ஏறியிருந்தால் பாசிட்டிவ் என்று எழுத வேண்டும் என்பது 2010 முதல் உள்ள சர்வதேச வழிகாட்டுதல். பாசிட்டிவ் ஆன பெண்ணுக்கு, ஈஸ்ட்ரோஜனை அந்த ஏற்பியில் ஒட்டவிடாமல் தடுக்கும் டமோக்ஸிஃபென் மாத்திரை ஐந்து ஆண்டுகள் கொடுத்தால், பதினைந்து ஆண்டுக் கணக்கில் மார்பகப் புற்றால் இறக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல ஆயிரம் பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2011-ல் வெளியிட்ட கணக்கு அது. ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய்தான். இஆர் நெகட்டிவ் ஆனவர்களுக்கு அதே மாத்திரையால் பயன் இல்லை. இவ்வளவு மலிவான, இவ்வளவு நிரூபிக்கப்பட்ட மருந்து ஒரே ஒரு புரதத்தின் ரிசல்ட்டை நம்பித் தொங்குகிறது. அந்த ரிசல்ட் தவறாக நெகட்டிவ் என்று வந்தால்?

வரும். வருவதற்கான காரணம் பெரும்பாலும் லேப் மெஷினுக்கு வெகு முன்பே நடந்து முடிந்திருக்கும். உடலிலிருந்து வெட்டி எடுத்த சதைக்கு ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்து அதற்குள் இருக்கும் புரதங்கள் சிதையத் தொடங்குகின்றன. ஃபார்மலினில் போட்டால்தான் அது நிற்கும். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும், அதுவும் பஃபர் சேர்த்த 10 சதவீத ஃபார்மலினில், குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் என்பது விதி. திரவம் சதையைப் போல் சுமார் பத்து மடங்கு அளவு இருக்க வேண்டும்.

இனி நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். சிறிய ஊர் ஒன்றில், சின்ன நர்சிங் ஹோமில், மார்பகத்தை முழுதாக எடுத்து ஆபரேஷன் முடிகிறது. எடுத்த உறுப்பு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போகிறது. சில நேரம் அதில் ஃபார்மலின் பாதிதான் இருக்கும், சில நேரம் சலைன். டப்பாவை உறவினர் கையில் கொடுத்து “சேலம் லேப்ல குடுத்துடுங்க” என்பார்கள். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மறுநாள் காலை பஸ் பிடித்து, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போய்ச் சேர்வார். ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்தால் இன்னொரு நாள் போச்சு. ஃபார்மலின் சதைக்குள் மெதுவாகத்தான் ஊறும், மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு முழு மார்பகத்தை வெட்டாமல் அப்படியே ஊறப்போட்டால், நடுவில் இருக்கும் கட்டிக்கு அது போய்ச் சேர்வதற்குள் இஆர் புரதம் கணிசமாகச் சிதைந்திருக்கும். சாயம் ஏறாது. ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரும். பிஆர் என்ற புரோஜெஸ்ட்ரான் ஏற்பியும் ஹெர்-2வும் நெகட்டிவ் என்றால் மூன்றும் நெகட்டிவ் என்ற வகையில் அந்தப் பெண் போய் விழுவார். அந்த வகைக்கு ஆயுள் கணக்கு மோசம் என்று குடும்பம் எங்கேயோ படித்துத் தெரிந்துகொள்ளும். உண்மையில் அந்தப் பெண்ணுக்குப் பலித்திருக்கக்கூடிய மாத்திரை அவருக்கு எழுதப்படவே இல்லை.

இந்தியாவில் இஆர் பாசிட்டிவ் ஆனவர்களின் பங்கு மேலை நாடுகளைவிடக் குறைவாகப் பதிவாகி வந்திருக்கிறது. நம் பெண்களுக்கு நோய் இளம் வயதில் வருவது அதற்கு ஒரு காரணம். சதை சரியாகப் பதப்படாததும் ஒரு காரணம் என்று பேத்தாலஜிஸ்ட்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். புதிய குறிப்பான்களைக் கண்டுபிடிக்கக் கோடிகள் செலவாகும் உலகத்தில், இருக்கும் ஒரு குறிப்பானை ஒழுங்காகப் படிக்கத் தேவையானது ஒரு பாட்டில் நல்ல ஃபார்மலினும், டப்பாவின் மேல் சதை எடுத்த நேரத்தை எழுதும் ஒரு பேனாவும். எனக்கு இதில் கோபம் வருவதுண்டு.

வழி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே ஊசி வழியாக மெல்லிய குச்சி போலச் சதை எடுத்து அதில் இஆர், ஹெர்-2 பார்ப்பது. கோர் பயாப்சி என்பார்கள். அந்தச் சிறு துண்டில் ஃபார்மலின் சீக்கிரம் ஊறிவிடும், ரிசல்ட்டை நம்பலாம். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்தார்கள். அங்கெல்லாம் நோய்க்குறியியல் துறை உண்டு. உள்ளூரிலேயே சதையை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கிவிட்டால், அதன்பின் அந்த பிளாக் பெங்களூர் போகலாம், சென்னை போகலாம், புரதம் கெடாது. பச்சைச் சதை பஸ்ஸில் போகக் கூடாது என்பதுதான் விஷயம்.

நான்காவது வரியான கேஐ-67 பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டது, பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டும் தெரியும் புரதம். அதிகம் என்றால் கட்டி வேகமாக வளர்கிறது என்று அர்த்தம். சிக்கல் எண்ணுவதில். ஒரே ஸ்லைடைப் பார்த்து ஒருவர் 15 என்பார், இன்னொருவர் 25 என்பார். அதனால்தான் 2021-ல் சர்வதேச நிபுணர் குழு, இஆர் பாசிட்டிவ் ஆன ஆரம்ப நிலை நோயில் 5 சதவீதமோ அதற்குக் கீழோ, 30 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் மட்டும் அதை நம்பி முடிவெடுங்கள் என்றது. நடுவில் வரும் 18, 22 போன்ற எண்களைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

நம் மாவட்டங்களில் வாய்ப் புற்றும் கொடுமையாக இருக்கிறது. வெற்றிலையோடு புகையிலை, தனியாகக் கன்னத்தில் அடக்கும் புகையிலை, பாக்கெட்டில் வரும் புகையிலைச் சரக்கு. கிரானைட் குவாரி, செங்கல் சூளை, லாரி என்று உடம்பை வருத்தும் வேலையில் இருப்பவர்கள் பசியை மறக்க அடக்கிக்கொள்கிறார்கள். இந்த நோயோடு சேர்த்து இணையத்தில் பி16 என்ற புரதத்தின் பெயர் அதிகம் அடிபடும். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, தொண்டைப் பகுதிப் புற்றில் எச்பிவி வைரஸ் உள்ளவர்களில் 82.4 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பின் உயிருடன் இருந்தார்கள், வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதம் பேர்தான் என்றது. பி16 அந்த வைரஸின் தடயம். வித்தியாசம் எவ்வளவு பெரியது என்றால், அடுத்து வந்த ஸ்டேஜ் பிரிக்கும் முறையில் பி16 பாசிட்டிவ் தொண்டைப் புற்றுக்குத் தனி அட்டவணையே போட்டார்கள்.

ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் பொருத்த முடியாது. அந்த ஆய்வு டான்சில், நாக்கின் அடிப்பகுதி போன்ற தொண்டைப் பகுதியைப் பற்றியது. நம் ஆட்களுக்கு வருவதில் பெரும்பங்கு கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பகுதி. அங்கே பி16 பாசிட்டிவ் என்று வந்தாலும் ஆயுளைப் பற்றி நம்பத்தக்க எதையும் அது சொல்வதில்லை. காரணம் அங்கே வைரஸ் இல்லை, புகையிலை. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது: எச்பிவி பாசிட்டிவ் ஆனவர்களிலும் நிறையப் புகைத்தவர்களுக்கு அந்த அனுகூலம் குறைந்துபோனது. அமெரிக்காவிலும் புகையிலை விட்டுக்கொடுக்கவில்லை.

விலை உயர்ந்த குறிப்பான்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தாலுகா ஆஸ்பத்திரி லேபிலேயே கிடைக்கும் ஒரு புரதத்தை மறந்துவிடுவோம். ஆல்புமின். கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் சாதாரணப் புரதம். சிஆர்பி என்ற இன்னொன்று உடலில் அழற்சி இருந்தால் ஏறும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இந்த இரண்டை மட்டும் வைத்து ஒரு மதிப்பெண் முறை உருவாக்கினார்கள். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல், ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழ் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் நிலைமை மோசம். நுரையீரல், குடல், இரைப்பை என்று பலவகைப் புற்றுகளிலும் இது ஆயுளோடு ஒத்துப்போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். மைலோமாவிலும் ஆல்புமினுக்கு இடம் உண்டு. 2005-ல் 10,750 நோயாளிகளின் தரவை வைத்து, ஆல்புமின், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற இரண்டே புரதங்களால் மூன்று ஸ்டேஜ் பிரித்தார்கள். மீடியன் ஆயுள் முறையே 62, 44, 29 மாதம். பிறகு வந்த மருந்துகளால் இந்த மாதங்கள் நீண்டுவிட்டன. பழைய அட்டவணையை இன்று படிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆல்புமின் குறைவுக்குப் புற்று மட்டும் காரணம் இல்லை. காசநோய், கல்லீரல் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, இவற்றாலும் இறங்கும். அஞ்செட்டி மலையிலோ சித்தேரியிலோ இருந்து வரும் ஒருவர், விழுங்க முடியாமல் வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரில் கிடந்துவிட்டு வந்தால் அவருடைய எண்ணில் அந்த வாரங்களும் சேர்ந்தே இருக்கும். அதனால் இந்த மதிப்பெண்ணை ஒரு தீர்ப்பாகப் படிப்பதைவிட வேலைப் பட்டியலாகப் படிப்பது நல்லது. மோசமாக வந்தால் கீமோவுக்கு முன் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூக்கு வழியாக டியூப் போட்டாவது சாப்பாடு உள்ளே போக வேண்டும், வலி நிவாரணத்தையும் வீட்டுப் பராமரிப்பையும் அன்றே தொடங்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு தருவதும் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி. குறைந்த ஆல்புமின் உள்ள ஒருவரின் பெயர் அந்தப் பட்டியலில் சீக்கிரம் ஏறினால் அந்தப் பரிசோதனை தன் வேலையைச் செய்துவிட்டது.

மீடியன் என்று பலமுறை எழுதிவிட்டேன். அதைத் தெளிவாக்காமல் விட்டால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் தவறாகப் போய்ச் சேரும். 11 பேரை, நோய் தெரிந்தபின் வாழ்ந்த காலப்படி வரிசையில் நிறுத்துங்கள். ஆறாவது ஆளின் காலம்தான் மீடியன். மீடியன் 29 மாதம் என்றால் எல்லோரும் 29 மாதத்தில் போய்விடுவார்கள் என்பதில்லை. ஐந்து பேர் அதற்கு முன் போயிருப்பார்கள், ஐந்து பேர் அதைத் தாண்டி இருந்திருப்பார்கள், அந்த ஐவரில் ஒருவர் பத்து வருடம்கூட இருந்திருக்கலாம். நம் நோயாளி வரிசையில் எங்கே நிற்பார் என்பதை எந்தப் புரதமும் சொல்லாது. “டாக்டர் நாள் குறிச்சிட்டாரு” என்று ஊரில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்த நடு எண்ணை யாரோ சொல்லி யாரோ கேட்டதுதான். அந்தப் பேச்சை நம்பி, கரண்ட் வைப்பதை (கதிர்வீச்சு சிகிச்சையை) பாதியில் நிறுத்திவிட்டுக் கூட்டிவந்துவிடுகிறார்கள். குணமாகும் வாய்ப்பு அங்கேயே பறிபோகிறது.

ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர்களில் எனக்கு அதிகக் கவலை தருவது சிஏ-125. சூலகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்த பெண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்து, எண் ஏறினால் உடைந்துபோகிறார்கள். எண் ஏறுவதை முன்கூட்டியே பிடித்துக் கீமோ தொடங்கினால் ஆயுள் கூடுமா? பிரிட்டனும் ஐரோப்பாவும் சேர்ந்து நடத்தி 2010-ல் முடிவை வெளியிட்ட சோதனை இதைத்தான் கேட்டது. 529 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எண் ஏறியதுமே சிகிச்சை. மற்ற குழுவுக்குத் தொந்தரவு தெரிந்த பிறகே. முதல் குழு கிட்டத்தட்ட ஐந்து மாதம் முன்னதாகக் கீமோ தொடங்கியது. மீடியன் ஆயுள் 25.7 மாதம். காத்திருந்த குழுவுக்கு 27.1. வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். சீக்கிரம் தொடங்கியவர்களின் வாழ்க்கைத் தரம்தான் சீக்கிரம் கெட்டது. நோய் திரும்புவதை ஒரு எண் சரியாகச் சொல்லியும் அதனால் நோயாளிக்கு நன்மை ஏற்படாமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அன்றிருந்த மருந்துகளை வைத்துச் செய்த சோதனை அது. புதிய மருந்துகள் வந்தபின் தன் விஷயத்தில் அடிக்கடி பார்ப்பது தேவையா என்று ஒவ்வொருவரும் தன் மருத்துவரிடம் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதே சிஏ-125, சிஇஏ, சிஏ 19-9 மூன்றையும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு ‘கேன்சர் பேக்கேஜ்’ என்று மாஸ்டர் செக்கப்பில் சேர்த்து விற்கிறார்கள். நான் இதற்கு எதிரானவன், ஒளிக்கவில்லை. மாதவிலக்கு நேரத்தில் சிஏ-125 ஏறும். கர்ப்பத்தில் ஏறும், வயிற்றுக் காசநோயில் வெகுவாக ஏறும். புகைப்பவருக்குச் சிஇஏ கூடுதலாக இருக்கும். பித்தப்பைக் கல்லால் காமாலை வந்தால் சிஏ 19-9 எகிறும். ரத்த வகையின் ஒரு தன்மையால் நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அந்தப் பொருளே உடலில் உருவாகாது, அவர்களுக்குக் கணையப் புற்று இருந்தாலும் எண் நார்மல்தான். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும், மார்பகத்தைத் தொட்டுப் பார்ப்பதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. நம் ஊரில் அதிகம் வரும் மூன்று புற்றுகளுக்கும் அவைதான் முதல் படி.

சிகிச்சையில் இருப்பவர்கள் ரத்த மார்க்கரைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தால் ஒரே லேபில் பாருங்கள். ஒரு மாதம் தருமபுரியில், அடுத்த மாதம் ஓசூரில், அதற்கடுத்து பெங்களூரில் என்று பார்த்தால், ஒவ்வொரு லேபும் வெவ்வேறு கம்பெனி கிட் வைத்திருக்கும். உடம்பில் எதுவும் மாறாமலே எண் மாறும்.

‘புற்று நோயாளியின் ஆயுளைச் சொல்லும் புதிய புரதம் கண்டுபிடிப்பு’ என்ற செய்தி அடிக்கடி வரும். அவற்றில் மிகச் சிலவே ஆஸ்பத்திரி வரை வந்து சேர்கின்றன. ஏன் என்று கிரேக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2005-ல் வெளியான 1575 புற்றுநோய்க் குறிப்பான் கட்டுரைகளை எடுத்துப் பார்த்ததில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவை ‘எங்கள் குறிப்பான் வேலை செய்கிறது’ என்றே சொல்லின. இத்தனையும் உண்மையாக இருக்க முடியாது. வேலை செய்யாத முடிவுகள் மேஜை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன. ஒரே தரவை இப்படி வெட்டி, அப்படி வெட்டி, நல்ல எண் வரும் இடத்தில் எல்லைக்கோடு போடுகிறார்கள். இதைத் தடுக்கத்தான் அதே 2005-ல் ரிமார்க் என்ற வழிகாட்டு விதிகள் வந்தன: எத்தனை நோயாளிகள், எல்லைக்கோட்டை எப்போது முடிவு செய்தீர்கள், வயதும் ஸ்டேஜும் ஏற்கெனவே சொல்வதைவிட இந்தப் புரதம் கூடுதலாக என்ன சொல்கிறது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். செய்தியைப் படிக்கும்போது நாமும் இரண்டு கேள்வி கேட்கலாம். வேறு ஊர், வேறு நோயாளிகளிடம் அதே முடிவு வந்ததா? இதைத் தெரிந்துகொண்டால் சிகிச்சையில் என்ன மாறும்?

கடைசியாக, கைவசம் வைத்திருக்க வேண்டியது. இந்த இரண்டு மாவட்ட நோயாளிகள் ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. உள்ளூரில் கண்டுபிடித்து, சேலத்தில் ஆபரேஷன் செய்து, பெங்களூர் கித்வாயிலோ சென்னை அடையாறிலோ கீமோ எடுப்பார்கள். மாறும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப்போனால் போதாது. மெழுகில் பதித்த பிளாக் எந்த லேபில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, எழுதிக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். ரிசல்ட்டில் சந்தேகம் வந்தால் அதே பிளாக்கில் மறுபடி சாயம் ஏற்றிப் பார்க்கலாம். நான்கு வருடம் கழித்து நோய் திரும்பி, அதற்குள் புதிய மருந்தும் அதற்கான புதிய புரதப் பரிசோதனையும் வந்திருந்தால், பழைய கட்டியையும் திரும்பிய கட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பைக் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு போனால் மெழுகு இளகிவிடும்.